சொகாய் போன வீடு

1

இந்தக் கதை நான் சாலையைக் கடக்க முடியாமல் நின்ற நேரத்தில் பிறந்தது. இதைவிட மரியாதையான பிறப்பு ஒன்றை இதற்குக் கற்பித்திருக்கலாம்தான். பழைய காகிதங்கள், நடுங்கும் விரல்கள், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துளி நீர். கற்பித்தும் பார்த்தேன். சரிப்படவில்லை.

கவாஷிரோ ஊரின் பண்பாட்டுப் பெருவீதி நூறு மீட்டர் அகலம். பச்சை விளக்கு விழுந்ததும் விறுவிறுவென்று நடந்தாலும் நடுவிலிருக்கும் புல்திட்டு வரைக்கும்தான் போய்ச்சேர முடியும். அதற்குள் சிவப்பு விழுந்துவிடும். திட்டில் நின்று அடுத்த பச்சைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்த ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதில் கணிசமான பகுதியை அந்தத் திட்டில்தான் கழித்திருக்கிறேன். ஒரு நாள் என் பக்கத்தில் கைப்பையோடு நின்ற ஒரு அம்மாள் கூட வந்தவளிடம் சொன்னாள்: "இந்த இடத்துலதான் எங்க பெரியம்மா வீடு இருந்துச்சு. சொகாய் போயிடுச்சு." மற்றவள், "ஓ" என்றாள். பச்சை விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை.

(ஊரின் பெயரை வரைபடத்தில் தேட வேண்டாம். நான் வைத்த பெயர். ஜப்பானில் எரிந்த ஊர்களின் வரிசையில் இன்னொன்றைச் சேர்த்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.)

அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதையே நகராது. போரின் கடைசிக் காலத்தில் குண்டுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளை மலையூர்க் கோயில்களுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பெயர் சொகாய். பிள்ளைகள் சொகாய் போனார்கள்; போர் முடிந்ததும் பேனும் சிரங்குமாகத் திரும்பி வந்தார்கள். அதே காலத்தில் வீடுகளும் சொகாய் போயின. அதாவது, எதிரி விமானம் வந்து எரிக்கும்போது தீ ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாவக்கூடாது என்று, நடுவிலிருந்த வீடுகளை நகரசபையே முன்கூட்டி இடித்துத் தள்ளியது. இடித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. வீடு சொகாய் போயிருக்கிறது. அவ்வளவுதான்.

போனது திரும்பி வரும் என்ற நம்பிக்கையை ஒரு சொல்லுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் எந்த மகானுபாவன் தைத்தானோ. அவன் மட்டும் எழுத்தாளனாகியிருந்தால் நாங்களெல்லாம் கடையை மூடியிருப்போம்.

2

முதல் தொடக்கம்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டு வசந்தத்தில், சாம்பலிலிருந்து ஒரு நகரம் எழுந்து—"

விட்டுவிட்டேன். சாம்பலிலிருந்து நகரம் எழுவதை யாரும் பார்த்ததில்லை. கவாஷிரோவில் எழுந்தது பூசணிக்கொடி.

இரண்டாம் தொடக்கம்:

"புதிய நகரத்தின் மாதிரி வடிவத்தை மேயர் திறந்துவைத்தபோது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு—"

இதைத் தொடரலாம் என்று தோன்றியது, காரணம் அந்த மாதிரி வடிவம். மரம் கிடைக்காத காலம். கிடைத்த குச்சியெல்லாம் குடிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வருங்கால நகரத்தின் கட்டடங்களைச் சோப்பில் செதுக்கினார்கள். மரங்களுக்குப் பச்சைச் சாயத்தில் தோய்த்த பீர்க்கங்கூட்டுத் துண்டுகள். சோப்பும் கிடைக்காத காலம்தான். ஆனால் மேயருக்குக் கிடைத்தது. நகரசபைக் கூடத்தில் மேசை மேல் அந்த வெள்ளை நகரம் மணம் வீசிக்கொண்டு நின்றது.

"பெருமக்களே!" என்றார் மேயர். "வரலாறு நம் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்திருக்கிறது. குறுகலான சந்துகள் இனி இல்லை. நூறு மீட்டர் அகலத்தில், ஆசியாவே திரும்பிப் பார்க்கும்படி, ஒரு பண்பாட்டுப் பெருவீதி!"

பின்வரிசையிலிருந்து நாவிதர் ஒகிமோத்தோ பக்கத்திலிருந்தவனிடம் கேட்டார்: "வெள்ளைத் தாளாமே? நான் தும்மினா இன்னும் கறுப்பாத்தான்யா வருது."

"நூறு மீட்டர் எதுக்காம்?"

"தெரியலையா? போன தடவை வந்தவன் மேலயே சுத்திக்கிட்டு எவ்வளவு சிரமப்பட்டான், பாவம். அடுத்த தடவை நேரா இறங்கிடலாம்."

அன்றிலிருந்து ஊருக்குள் அந்த வீதியின் பெயர் ஓடுபாதை. வீதி அப்போது இல்லை. பெயர் முதலில் வந்துவிட்டது.

* சோப்பு நகரம் நீடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் பொது நூலகம் காணாமல் போனது. பிறகு மகப்பேறு மருத்துவமனை. அதன்பின் கலையரங்கம், இரண்டு பள்ளிக்கூடங்கள். கணக்குப் பிரிவுப் பெண்களின் கழுத்துப்பட்டைகள் அந்த வாரம் பளிச்சென்று இருந்தன, யாரும் விசாரிக்கவில்லை. நகரசபைக் கட்டடத்தைத் தொட மட்டும் யாருக்கும் துணிச்சலில்லை. அதை எலி தின்றது.

3

இனி குவாபரா. நகரத் திட்டப் பிரிவின் தலைமைப் பொறியாளர். நாற்பதைக் கடந்தவர், ஒல்லி, நேர்க்கோட்டின் மேல் பெரும் பிரியம் உள்ளவர்.

நம்மூரில் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்போம். இங்கே "குவாபரா, குவாபரா" என்பார்கள். அந்தப் பெயரைச் சொன்ன இடத்தில் இடி விழாதாம். இடி விழுவதற்கும் வீட்டை இடிப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் வசதி தமிழுக்குத்தான் உண்டு. ஜப்பானியருக்கு அது கிடையாது. இருந்தாலும் விஷயம் அவர்களுக்கு எட்டிவிட்டது. போர்க்காலத்தில் குவாபரா கையில் கயிற்றுச் சுருளும் முளைக்குச்சிகளுமாக ஒரு தெருவில் நுழைந்தால், பெண்கள் வாசலில் கைகூப்பி நின்று "குவாபரா, குவாபரா" என்று முணுமுணுத்தார்கள். தனக்கு இவ்வளவு மரியாதையா என்று அவர் உருகிப்போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று இடுப்பு வளையத் தலைவணங்கிவிட்டுப் போய் முளையடித்தார்.

நாற்பத்தைந்து வசந்தத்தில் அவர் ஊர் வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். முப்பது மீட்டர் அகலம். பெயர்: மூன்றாம் எண் தீத்தடுப்பு வெளி. இரண்டு வருடம் கழித்து, அதே வரைபடத்தில் அதே கோட்டை இருபக்கமும் தடிமனாக்கினார். பெயர்: பண்பாட்டுப் பெருவீதி. ஒரு பொறியாளர் வாழ்க்கையில் உழைப்பு இவ்வளவு மிச்சமாவது அபூர்வம்.

இவரை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. முதல் வரைவில் வில்லனாக்கினேன். மீசை வைத்தேன், பிறகு எடுத்தேன். இரண்டாம் வரைவில் குற்றவுணர்ச்சியால் தூக்கமிழந்தவராக்கினேன். அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தபோது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நல்ல தூக்கம் அவருக்கு. அகலமான தெரு மக்களுக்கு நல்லது என்று மனசார நம்புகிறவர் வேறு எப்படித் தூங்குவார்? குறுகலான சந்தில் நெரிசலில் சிக்கிச் செத்தவர்களை அவர் தன் கையால் தூக்கியிருக்கிறார். அதையும் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

4

நாற்பத்தேழு கோடை. ஒரு காலை.

பெருவீதியின் நடுக்கோடு எந்த இடத்தில் வரவேண்டுமோ சரியாக அந்த இடத்தில், எரிந்த தகரங்களைச் சாய்த்துக் கட்டிய ஒரு குடிசை. அதற்கு முன்னால் குவாபரா நட்டுவிட்டுப் போன அளவைக் குச்சிகள். குச்சிகளின் மேல் பூசணிக்கொடி. கொடியை வாழைநார் போன்ற ஏதோ ஒரு நாரால் ஒழுங்காக இழுத்துக் கட்டியிருந்தது.

குடிசைக்காரி நுயி. நாற்பத்தைந்து வயதிருக்கலாம். இடிக்கப்படும் முன் அதே இடத்தில் அவளுக்கு வீடும், வீட்டோடு காலுறை தைக்கும் கடையும் இருந்தன. நிலம் இப்போதும் அவள் பெயரில்தான்.

"அம்மா, இது அளவைக் குச்சி," என்றார் குவாபரா.

"தெரியும்ங்க. கொடிக்கு ரொம்பத் தோதா இருக்கு. இன்னும் நாலு இருந்தா குடுத்துட்டுப் போங்களேன்."

"உங்களுக்கு மாற்று நிலம் ஒதுக்கியாச்சும்மா. ரயிலடிக்குத் தெக்கால. நல்ல மேட்டு நிலம்."

"எவ்வளவு?"

"பழையதுல முக்கால்வாசி. மிச்சம் வீதிக்குப் போகும். எல்லாரும் குடுக்கறதுதான்."

"எல்லாரும்னா? மேயர் வீட்டுத் தோட்டமுமா?"

"அது... கோட்டுக்கு வெளிய இருக்கு."

"அது எப்படிங்கய்யா, உங்க கோடு எப்பவும் பாத்துப் பாத்து வளைஞ்சு போகுது?"

"கோடு வளையலம்மா. நேர்க்கோடு." குவாபராவுக்கு உண்மையிலேயே வலித்தது.

"அப்ப தோட்டந்தான் ஒதுங்கி நின்னிருக்கு. மரியாதை தெரிஞ்ச தோட்டம்."

சற்றுத் தள்ளி, கூரையில்லாத வெட்டவெளியில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டுக் கடை நடத்திக்கொண்டிருந்த ஒகிமோத்தோ, ஒருவர் கன்னத்தில் கத்தியை வைத்தபடியே சிரித்தார். "ஆடாதீங்க, ஆடாதீங்க," என்று கன்னத்துக்காரரை அதட்டினார், அவர் ஆடவேயில்லை.

நுயி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இஞ்சினியர் ஐயா. சொகாய் போன புள்ளைங்க எல்லாம் திரும்பி வந்தாச்சு. இதோ இவர் மகன்கூட வந்துட்டான், தலை நிறையப் பேனோட. என் வீடு எப்ப வரும்?"

"அது வேற சொகாய்ம்மா."

"வார்த்தை ஒண்ணுதானே? நீங்கதானே வாசல்ல நின்னு சொன்னீங்க. வீடு சொகாய் போகுது, தற்காலிகமாத்தான்னு. நான் டீ குடுத்தேன். குடிச்சுட்டுத்தான் சொன்னீங்க."

குவாபராவுக்கு டீ குடித்தது நினைவிருந்தது.

"சரி, வீடு வராது. அது எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் எழுந்திரிச்சுப் போயிடறேன். எங்க வீட்ட இடிச்சு இடைவெளி போட்டீங்களே, அது ஊர் எரிஞ்ச அன்னிக்கு யாரையாவது காப்பாத்துச்சா? ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளு போதும், பேருகூட வேணாம். ஆமான்னா இந்த நிலத்த அப்படியே எடுத்துக்கங்க. உங்க முக்காலும் வேணாம். இல்லைன்னா, என் நிலத்த எனக்கு விட்டுடுங்க."

"ஆபீசுல பாத்துச் சொல்றேம்மா."

"ஆபீசுந்தான் எரிஞ்சு போச்சே!"

5

(கதை கொஞ்சம் நெரிசலாக இருந்தது. நேராக ஓடவேண்டும் என்பதற்காகச் சிலரை எடுத்திருக்கிறேன். நுயியின் கணவன்: பர்மாவிலிருந்து திரும்பாதவன், அவனுக்கு நாலு பக்கம் எழுதியிருந்தேன். குவாபராவின் மனைவி: அருமையாகச் சண்டை போடுவாள், அவள் இருந்தால் கதை அவளுடையதாகிவிடும். ஒரு பௌத்த பிட்சு: பிட்சு வந்தால் ஆழம் தானாக வந்துவிடும் என்று நினைத்து வைத்தது. மூவரையும் சொகாய் அனுப்பியிருக்கிறேன். கதை முடிந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிட்சு சிரித்தார்.)

எரிந்த ஊரில் கோடு போடுகிறவரைக் கிண்டல் செய்ய எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அடுத்த பகுதிக்குப் போகிறேன்.

6

நுயி ஏன் இதைக் கேட்கிறாள் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அதில் அழகாக வந்த இரண்டைக் கிழித்துவிட்டேன். மிஞ்சியது இது.

அவளுக்கு ஃபுசா என்று ஒரு மகள். பள்ளி மாணவி. அந்த வருடம் பள்ளிகளில் பாடம் கிடையாது. மாணவிகளை வீடு இடிக்க அழைத்துப் போனார்கள். முதலில் பெரியவர்கள் ஓடுகளை இறக்குவார்கள். பிறகு நடுத்தூண்களை ரம்பத்தால் பாதி அறுத்து வைப்பார்கள். அதன்பின் தூணில் தாம்புக்கயிறு கட்டி, மாணவிகள் வரிசையாகப் பிடித்து "யோய்ஷோ, யோய்ஷோ" என்று இழுக்க வேண்டும். நம்மூரில் தேர் இழுப்பது போலத்தான். தேர் நகரும், இது விழும்.

நுயியின் தெருவுக்கு முறை வந்த நாளில் ஆசிரியை கேட்டாள்: "இந்த வரிசையில யாரோட வீடாவது இருக்கா? இருந்தா அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

ஃபுசா போகவில்லை.

எதிர்ச்சாரியில் மூட்டையோடு நின்ற நுயி, தன் வீட்டுத் தூணில் கட்டிய கயிற்றைத் தன் மகள் பிடித்திருப்பதைப் பார்த்தாள். முதல் இழுப்பில் வீடு அசையவில்லை. இரண்டாவதில் முனகியது. மூன்றாவதில் போய்விட்டது. புழுதி அடங்கியதும் ஃபுசா ஓடி வந்தாள். புருவமெல்லாம் வெள்ளை.

"அம்மா, பாத்தியா! எதிர்வீடு ஒரே இழுப்புல விழுந்துடுச்சு. நம்ம வீடு மூணு! நம்மதுதான் ஸ்ட்ராங்கு!"

"வாய மூடு. ஊரே பாக்குது," என்றாள் நுயி. "முகத்தக் கழுவு போ."

மகளிடம் அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அவர்கள் கால்வாய்க் கரையோரம் மீன்காரத் தெருவில் கொழுந்தன் வீட்டுக்குக் குடிபோனார்கள். பழைய வீட்டிலிருந்து கோட்டை மேடு கூப்பிடு தூரம். மீன்காரத் தெருவிலிருந்து எல்லாமே தூரம். ஜூலையில் ஒரு நாள், பட்டுக் கிமோனோவைக் கொடுத்து அரிசி வாங்கிவர நுயி மலையூருக்குப் போய் அங்கேயே தங்கினாள். அன்று இரவு விமானங்கள்—

[இங்கே இரண்டு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். எரிவதை மிக நன்றாக எழுதியிருந்தேன், அதனால்தான்.]

கோட்டை மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். கால்வாய்க்கு ஓடியவர்கள் பிழைக்கவில்லை. ஃபுசா கால்வாய்க்கு ஓடினாள், ஏனென்றால் அந்தத் தெருவிலிருந்து ஓட வேறு இடம் இல்லை.

இப்போது அவள் கேள்வியை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கும். இல்லை.

7

குவாபராவுக்கு என்ன தெரியும்?

ஊர் எரிந்த மறுநாள் காலை அவர் தன் இடைவெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். ஒரு பக்கம் எரிந்து, மறுபக்கம் நிற்கும் என்று எதிர்பார்த்தார். எல்லாப் பாடநூலிலும் அப்படித்தான் படம் போட்டிருந்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி எரிந்திருந்தன. எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வெட்டவெளி ஆயிற்றே, தப்பலாம் என்று நினைத்து அதன் நடுவுக்கு ஓடி வந்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். அடுப்பு ஊதும் குழலுக்குள் காற்று எப்படிப் போகுமோ அப்படி அந்த முப்பது மீட்டருக்குள் தீ போயிருக்கிறது.

குவாபரா அழுதார் என்று எழுதினேன். அழவில்லை. சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அகலத்தை அளந்தார். முப்பது சரியாக இருந்தது. வேலையில் தப்பில்லை. ஆகவே, முப்பது போதவில்லை. ஆகவே—

நூறு என்ற எண் பிறந்தது அங்கே, அந்த நிமிஷத்தில். பண்பாடு பிறகு வந்தது.

இன்னொன்றும் பார்த்தார். இடைவெளியின் ஓரத்தில் சிமென்டுத் தண்ணீர்த்தொட்டி ஒன்று. தீயணைக்க வீட்டுக்கு வீடு வைத்திருந்த தொட்டிகளில் ஒன்று. அதற்குள் ஒரு மனிதர் குந்தியிருந்தார். உயிரோடு. தலையில் நனைந்த துண்டு. குவாபராவைப் பார்த்து, "முடிஞ்சுதாங்க?" என்று கேட்டார். யாரோ வந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆளைக் காப்பாற்றியது இடைவெளியா, தொட்டியா? வீடு இடிக்கப்படாமலிருந்தாலும் தொட்டி அங்கேதான் இருந்திருக்கும். வீடு இருந்திருந்தால் அது தொட்டிமேலேயே சரிந்திருக்கும். இரண்டையும் சொல்லலாம். தூக்கிப்போன பிறகு அவர் பிழைத்தாரா என்று குவாபரா விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடும் அல்லவா.

* தொட்டி மனிதரை நானும் விசாரிக்கவில்லை. அவர் என் கதையில் இருப்பவர். ஒரு வரி எழுதினால் பிழைத்துக்கொள்வார். எழுதாததற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

8

வீதித் திறப்புவிழாவுக்கு ஆளுநரை அழைத்தாகிவிட்டது. பூசணியும் காய்த்துவிட்டது. மேயர் குவாபராவைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ், ஓடுபாதை நடுவுல ஒரு பூசணித் தோட்டம் இருக்காமே?"

"பண்பாட்டுப் பெருவீதிங்கய்யா."

"அதான். அந்தப் பொம்பளைக்கு என்னதான் வேணுமாம்?"

"ஒரு கேள்விக்குப் பதில் வேணுமாம்."

கேள்வி என்னவென்று தெரிந்துகொண்டதும் மேயர் சிரித்தார். "அவ்வளவுதானா? காசில்லாத சமாச்சாரம். ஆமான்னு சொல்லிட்டு வந்துடு."

"ஆமான்னு சொன்னா முப்பது மீட்டரே போதும்னு ஆயிடுங்கய்யா. அப்புறம் நூறு எதுக்குன்னு கேப்பாங்க."

"அப்ப இல்லைன்னு சொல்லு."

"இல்லைன்னா, இடைவெளியே எதுக்குன்னு கேப்பாங்க."

மேயர் கொஞ்ச நேரம் சன்னல் வழியாக வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இஞ்சினியர்தானே? ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருக்கும், பாரு."

குவாபரா போனார். நுயி பூசணியை அவித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடம் நீட்டினாள். கோபக்காரர்கள் கொடுக்கும் சாப்பாட்டை மறுக்கக்கூடாது என்று வாங்கிக்கொண்டார். பசியும் இருந்தது.

"ஆபீசுல பாத்தீங்களா?"

"முப்பது மீட்டர் போதலம்மா. அதனாலதான் இப்ப நூறு போடறோம்."

"நூறையும் தாண்டினா?"

"தாண்டாது."

"அன்னிக்கு முப்பதுக்கும் இதத்தானே சொன்னீங்க."

ஒகிமோத்தோ கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே குறுக்கிட்டார். "விடுங்க நுயி-சான். அடுத்த தடவை ஊரையே எடுத்துடுவாங்க. தீ வந்து பாத்துட்டு ஏமாந்து திரும்பிப் போயிடும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர்கூட.

"நான் அடுத்த தடவையக் கேக்கலைங்க," என்றாள் நுயி. "போன தடவையக் கேக்கறேன். என் பொண்ணு அந்தக் கயித்த இழுத்தா. டீச்சர் வேணாம்னு சொல்லியும் நின்னு இழுத்தா. அவ சும்மா இழுத்தாளா, ஒரு ஆளுக்காவது இழுத்தாளா? அத மட்டும் சொல்லிட்டு உங்க குச்சியப் புடுங்கி எங்க வேணாலும் நட்டுக்கங்க."

குவாபரா கிண்ணத்தைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார்.

9

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது. "ஆமாம்மா," என்கிறார். "ஒருத்தர் பிழைச்சார். நானே பாத்தேன்." நுயி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு எழுந்து, சொன்ன சொல் தவறாமல், தகரத்தைத் தானே பிரித்துப் போடுகிறாள். வீதி வருகிறது. இது இரக்கமான முடிவு என்று நினைத்துத்தான் எழுதினேன். ஆனால் அவள் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஒருத்தரைத் தேடத் தொடங்கிவிட்டாள். பொதுக் குளியலறையில், ரயிலடியில், அரிசி வரிசையில், தொட்டிக்குள் உட்கார்ந்து பிழைத்த ஒருவரைத் தெரியுமா என்று கேட்கிறாள். கிடைத்தால் என்ன கேட்பாள்? நல்லா இருக்கீங்களா, என்ன சாப்பிடறீங்க, என்ன வேலை பாக்கறீங்க; என் பொண்ணு உங்களுக்காக... தொட்டி மனிதரை நான் ஏன் பிழைக்க வைக்கவில்லை என்பது இப்போது புரியும். ஃபுசாவுக்கு ஈடாக யாரை எழுதினாலும், ஒரு காலைச் சாராயக்கடையில் வைத்திருப்பவராகத்தான் வந்து முடிகிறார்.

இரண்டாவது. "இல்லம்மா," என்கிறார். "யாரையும் காப்பாத்தல. காத்துக்கு வழி விட்டதுதான் மிச்சம்." நுயி நிலத்தில் இருக்கிறாள். குவாபரா உண்மை பேசிய குற்றத்துக்காகச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். புதிதாக ஒரு பொறியாளர் வருகிறார். அவர் பெயரைச் சொன்னால் எந்த இடியும் நிற்காது. போலீசோடு வருகிறார், மிக மரியாதையாக. தகரங்களை மடித்து, கயிறு கட்டி, ரயிலடிக்குத் தெற்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். வீதி வருகிறது. மூன்று இழுப்பு இழுத்த பெண் சும்மா இழுத்தவளாகிறாள். அதை அவள் அம்மா தெரிந்துகொண்டு மிச்ச நாளையெல்லாம் வாழ்கிறாள்.

மூன்றாவது. நுயி ஜெயிக்கிறாள். நூறு மீட்டர் வீதி பூசணித் தோட்டத்துக்கு வந்ததும் ஒதுங்கி, வளைந்து, அப்பால் போய் மறுபடி நேராகிறது. குவாபராவுக்கு நெஞ்சுவலி வருகிறது. இந்த முடிவுதான் எனக்குப் பிடித்தது, வாசிக்கக் கொடுத்த நண்பர்களுக்கும் பிடித்தது. ஆனால் வீதி வளையவில்லை. நான் அதன் நடுவில் தினமும் நிற்கிறேன். ஒரு முனையில் நின்றால் மறுமுனையின் விளக்குக்கம்பம் வரை ஒரே நேர். இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு இடம் விட்டு வைக்காமல் போட்டிருக்கிறார்கள்.

ஆக, எப்படி எழுதினாலும் வீதி வந்துவிடுகிறது. நூறு மீட்டர், ஒரு சாண்கூடக் குறையாமல். ஒரு வார்த்தையால் மாறக்கூடியது வீதி அல்ல.

10

நாலாவதாக ஒன்று எழுதத் தொடங்கினேன். அதில் குவாபரா திறந்த வாயை மூடிக்கொண்டு, "கொஞ்சம் வேலை இருக்கும்மா, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொள்கிறார். நான் அவரைத் தடுத்திருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். தடுக்கவில்லை. அவர் இடிபாட்டு மேட்டில் ஏறி மறைகிறார். ஒகிமோத்தோ நாற்காலியை மடக்கிக்கொண்டு, "வரட்டுமா நுயி-சான்," என்று தலையைக் குனிந்துகொண்டே போய்விடுகிறார். நானும் அடுத்த வரியை எழுதாமல் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

தொட்டியில் ஓர் ஆள் இருந்தார் என்பது குவாபராவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இரு பக்கமும் எரிந்ததும், நடுவில் கிடந்தவர்களும் தெரியும். நுயிக்கு எதுவும் தெரியாது. நாங்கள் இருவரும் நகர்ந்துவிட்டோம். அந்த வெட்டவெளியில் அதையெல்லாம் பார்த்த இன்னொருவர் மட்டும் இன்னும் நிற்கிறார் என்பதை அவள் கவனித்துவிட்டாள்.

ஈரக்கையை இடுப்புத் துணியில் துடைக்கிறாள். உங்களை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"நீங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்கிறாள். "நீங்களாவது சொல்லுங்க."